ஆலை வாயிலும் கரிசல் வெயிலும்: பார்க்கவேண்டிய சில படங்கள்

(ஆண்டு விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் நகரத்துக் காப்பி விடுதி ஒன்றின் அடித்தள அறையில், கட்டணம் செலுத்தி அமர்ந்திருந்த சிறு கூட்டத்திற்கு லூமியே சகோதரர்கள் தங்கள் அசையும் படங்களைக் காட்டினர். அவற்றுள் ஒன்று ஒரு நிமிடம்கூட ஓடாதது. லியோன் நகரில் அவர்களுக்கிருந்த ஒளிப்படத் தகட்டு ஆலையின் கதவு திறக்கிறது. வேலை முடிந்தவர்கள் வெளியே வருகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். இடப்புறம் சிலர், வலப்புறம் சிலர் எனப் பிரிந்து போகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது. உலகத் திரைப்பட வரலாறு ஓர் ஆலையின் வாயிலில் தொடங்கியது என்பதை எந்த ஊரார் மறந்தாலும் சாத்தூரார் மறக்க இயலாது. அந்தி நேரத்தில் ஆலைப் பேருந்துகள் சாலையோரம் நின்று, கைகளிலும் முகத்திலும் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் ஏறிய பெண்களை இறக்கிவிட்டுப் போகும் காட்சி இவ்வூரில் நாள்தோறும் காணக் கிடைப்பது. ஒளிப்படக் கருவிதான் அங்கே இல்லை.

அந்த வாயிலில் பிறந்த கலை அங்கே நெடுநாள் நிற்கவில்லை. செருமானிய இயக்குநர் ஹாருன் பரோக்கி 1995இல் லூமியேயின் படத் தலைப்பையே தம் படத்திற்கும் சூட்டி, நூறாண்டுப் படங்களிலிருந்து ஆலை வாயிற் காட்சிகளைத் தேடித் தொகுத்தார். தொழிலாளி வாயிலைத் தாண்டிய பின்னரே பெரும்பாலான கதைப்படங்கள் தொடங்குகின்றன என்பது அவருடைய கணிப்பு. தமிழ்ப்படங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நாயகன் கடிதில் வேலைக்குப் போவதில்லை. போனாலும் ஒரு பாட்டு முடிவதற்குள் முதலாளியாகிவிடுகிறான்.

படங்களைப் பரிந்துரைப்பது எளிய செயலே. உலகின் தலைசிறந்த நூறு படங்கள் என்னும் பட்டியல்கள் எங்கும் உள்ளன. 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), 'பதேர் பாஞ்சாலி' (1955), 'டோக்கியோ ஸ்டோரி' (1953) ஆகிய மூன்றையும் பார்க்காத கவிஞர் யாரேனும் இவ்வவையில் இருப்பின், இவ்வுரையைவிட அவை முதன்மையானவை என்பதைத் தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே வைக்கப்படுவது வேறொரு வரிசை. சாத்தூரில் அமர்ந்து, இம்மண்ணின் கண்ணோடு படம் பார்க்கும் சுவைஞர் ஒருவர் தம் ஊர்க் கவிஞர்களுக்கு எவற்றைப் பார்க்கச் சொல்வார் என்பதே அதன் அளவுகோல்.

இவ்வளவுகோல் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வட்டாரம் இந்தியா முழுவதற்கும் படங்களை ஆக்கித் தந்த வட்டாரம். நாடகக் குழு ஒன்றுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக வந்த கொண்டையா ராஜு (1898–1976), 1942இல் கோவில்பட்டியில் அக்குழு கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணாக்கர்களும் எழுதிய முருகனும் இலக்குமியும் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சேறி எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கின. திரைப்பட நடிகர்களின் முகங்கள் தீப்பெட்டிச் சீட்டிலும் சுவரொட்டியிலும் இங்கிருந்தே புறப்பட்டன. ஊரார் முகங்களையெல்லாம் அச்சிட்டுக் கொடுத்த மண்ணின் முகம் எத்தனை படங்களில் இருக்கிறது என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். 2005இல் 'சிவகாசி' என்னும் பெயரோடு ஒரு படம் வந்தது. அதில் சிவகாசி என்பது நாயகனின் பெயர்.

இம்மண்ணுக்கும் தமிழ்த் திரைக்கும் தொடக்கத்திலிருந்தே ஓர் உறவு உண்டு. 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்திற்குப் பாடல்கள் எழுதியவர், நாகலாபுரத்தில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ். அப்படத்தின் படச்சுருள் இன்று எங்கும் இல்லை. பாடல்களின் நினைவும் சில ஒளிப்படங்களுமே எஞ்சியுள்ளன. கவிஞனுக்குத் திரையில் உள்ள இடம் பாடலாசிரியன் என்னும் நாற்காலி ஒன்றே என்ற எண்ணம் அன்று வேரூன்றியதோ என எண்ணத் தோன்றுகிறது. இன்றும் கவியரங்குகளில் திரைப்படம் பற்றிய பேச்சு எழுந்தால் அது பாட்டில் தொடங்கிப் பாட்டிலேயே முடிகிறது. கவிஞர் திரையிடமிருந்து பெறவேண்டியது வேறு. ஒரு பொருளைப் பெயர் சொல்லாமல் எவ்வளவு நேரம் காட்டிக்கொண்டிருக்கலாம், எந்த இடத்தில் காட்டுவதை நிறுத்த வேண்டும் என்னும் அளவறிவே அது. கீழே வரும் படங்கள் அந்த நோக்கில் தெரிந்தெடுக்கப்பட்டவை.

முதலில் 'தண்ணீர் தண்ணீர்' (1981). கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே. பாலசந்தர் படமாக்கினார். மழை மறந்த அத்திப்பட்டி என்னும் கரிசல் கிராமத்திற்குச் சிறையிலிருந்து தப்பிய ஒருவன் வந்துசேர்கிறான். வண்டி கட்டித் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறான். பின்னர் ஊரார் தாமே கால்வாய் வெட்டத் துணிகின்றனர். அரசு இயந்திரம் குறுக்கே நிற்கிறது. சிறந்த தமிழ்ப்படம், சிறந்த திரைக்கதை ஆகியவற்றுக்கான தேசிய விருதுகள் இதற்குக் கிடைத்தன. வசனம் மிகுந்த படம் என்று குறை கூறுவோர் உண்டு. மேடையிலிருந்து வந்த படம் அப்படித்தான் இருக்கும். எனினும் காலிக் குடத்தைச் சரிதா இடுப்பில் வைத்திருக்கும் வகையிலும், வெறுமையாகக் கிடக்கும் தரையிலும் வசனத்தை மிஞ்சிய செய்தி இருக்கிறது. வைப்பாற்றின் மணலில் ஊற்றுத் தோண்டிய தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஓர் ஆவணப்படம். சலம் பென்னூர்க்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990). சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட சிறார்களைப் பற்றியது. இப்படத்தின் பெயரைச் சொன்னாலே இப்பகுதியில் சிலருக்கு முகம் சுருங்கும். அதில் நியாயம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து ஊன்றிய விதை, மழையை நம்ப முடியாத நிலத்தில் இலட்சக்கணக்கான வயிறுகளை நிரப்பியது. வெளியூர்க் கருவி ஒன்று வந்து அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு புண்ணை மட்டும் காட்டுகிறது என்பது அவர்களின் வருத்தம். ஆயினும் அந்தப் புண் இருந்தது. விடியுமுன் கிராமத்துக்குள் வந்து விளக்கைப் போட்டு நின்ற ஆலைப் பேருந்தும், தூக்கம் கலையாமல் அதில் ஏற்றப்பட்ட பிள்ளைகளும் கற்பனை அல்ல. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய விரல்கள் பல இன்று ஐம்பது வயதைத் தாண்டி இவ்வூரிலேயே வாழ்கின்றன. சட்டமும் பள்ளிக்கூடமும் இயந்திரமும் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றிவிட்டன. மாறியது என்று பெருமையோடு கூறுவதற்காவது மாறுமுன் இருந்ததன் சாட்சி தேவைப்படுகிறது. புகழுரையோ இரங்கற்பாவோ எழுதுமுன் கவிஞர்கள் இப்படத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஊரிலிருந்தே ஒருவர் அதே பொருளைத் தொட்டபோது அது எப்படி இருந்தது என்பதற்குப் பூமணியின் 'கருவேலம்பூக்கள்' சான்று. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஆண்டிபட்டியில் பிறந்தவர் பூமணி. 'பிறகு', 'வெக்கை' ஆகிய நாவல்களால் அறியப்பட்டவர். 'அஞ்ஞாடி' நாவலுக்காக 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொருளுதவியோடு அவர் இயக்கிய ஒரே படம் இது. நாசர், ராதிகா, சார்லி ஆகியோர் நடித்தனர். நிலம் பொய்த்த குடும்பம் தன் பிள்ளையைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பும் அவலமே கரு. வெளியாள் ஒருவர் எடுத்தால் ஆலை முதலாளி மட்டுமே கொடியவனாக நிற்பான். பூமணிக்குத் தெரிந்த உண்மை அதைவிடச் சிக்கலானது: பிள்ளையை எழுப்பிப் பேருந்தில் ஏற்றும் கை பெற்றவளின் கை. அந்தக் கையை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. சிறுகதையிலும் நாவலிலும் பூமணியிடம் காணும் அதே சிக்கனம் இப்படத்திலும் உண்டு. திரையரங்குகளில் அது பரவலாக ஓடவில்லை. இவ்வட்டாரத்தைப் பற்றி இவ்வட்டாரத்தார் ஒருவர் எடுத்த படத்தை இவ்வட்டாரத்தாரே பெரும்பாலும் பார்த்ததில்லை.

கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலை அம்ஷன் குமார் 'ஒருத்தி' (2003) என்னும் பெயரில் படமாக்கினார். ஆட்டுக்கிடையையும், சாதி வேலியைத் தாண்டிய காதலையும் ஒரே மூச்சில் சொல்லும் கதை அது. குறைந்த பொருட்செலவில், நிதானமாக எடுக்கப்பட்ட படம். அவசரக்காரர்கள் பொறுமையோடு பார்க்க வேண்டும்.

இனி 'வெயில்' (2006). விருதுநகர்க்காரரான வசந்தபாலன் இயக்கியது; இயக்குநர் ஷங்கரின் நிறுவனம் தயாரித்தது; அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. திரைப்பட நேயர்களின் கூட்டத்தில் இப்படத்தைச் சற்று விரிவாகப் பேசுவதில் பொருத்தம் உண்டு. ஏனெனில் படம் பார்த்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவனின் கதை அது. பள்ளிக்குப் போகாமல் திரையரங்கில் அமர்ந்திருந்த சிறுவன் முருகேசனை, கறிக்கடை வைத்திருக்கும் தந்தை பிடித்து வந்து, உடையைக் களைந்து வெயிலில் கட்டிப்போடுகிறார். அந்த அவமானம் பொறாமல் வீட்டு நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கொண்டுபோனதும் பறிபோகிறது. அயலூர்த் திரையரங்கு ஒன்று அவனுக்குச் சோறும் கூரையும் தருகிறது. படம் ஓட்டுபவனாகவே அங்கு வளர்கிறான். காதலையும் இழந்து, அரங்கையும் இழந்து, இருபது ஆண்டுகள் கழித்து வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். பசுபதியின் நடிப்பில் அந்த வெறுங்கை நெடுநேரம் கண்ணில் நிற்கிறது.

இத்தாலிய இயக்குநர் ஜூசெப்பே தொர்னத்தோரேயின் 'சினிமா பாரடைசோ' (1988) படத்தை இதனோடு அடுத்தடுத்த நாட்களில் பார்ப்பது பயன்தரும். அங்கேயும் திரையரங்கின் படக்கருவி அறைக்குள் ஒரு சிறுவன் நுழைகிறான். அங்கேயுள்ள முதிய ஓட்டுநர் அவனை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறார், திரும்பி வராதே என்கிறார். அவன் புகழ்பெற்ற இயக்குநராகிறான். சிசிலித் தீவின் அறை அவனை உலகத்துக்கு அனுப்பியது. முருகேசனின் அறை அவனை உள்ளேயே வைத்துக்கொண்டது. வெளியே காலம் கடந்துபோனதை அவன் அறியும் முன்பே இளமை முடிந்துவிடுகிறது. இத்தாலியப் படம் கண்ணீரை இனிப்பாக்கித் தருகிறது. தமிழ்ப்படம் அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. இவ்வகையில் 'வெயில்' மேலானது என்று துணிந்து கூறலாம். தம்பியின் விளம்பரத் தொழிற்போட்டியும் அடிதடியும் வரும் பகுதிகளில் படம் வழக்கமான பாதைக்கு இறங்கிவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தகப்பனும் மகனும் ஒரே வீட்டில் பேசாமல் அமர்ந்திருக்கும் இடங்களை மட்டும் கவனித்துப் பார்த்தால், மௌனத்துக்கு எத்தனை தளங்கள் உண்டு என்பது கவிஞருக்குப் புலப்படும்.

'வெயில்' என்ற சொல் தலைப்பிலேயே உள்ள ஒரு சிறுகதையிலிருந்து 'பூ' (2008) பிறந்தது. சாத்தூர் வட்டாரத்து நென்மேனி மேட்டுப்பட்டியைச் சேர்ந்த ச. தமிழ்ச்செல்வன் எழுதிய 'வெயிலோடு போய்' என்னும் கதையை சசி படமாக்கினார். தமிழ்ச்செல்வன் மதுரகவி பாஸ்கரதாஸின் பேரர் என்பதும், எழுத்தாளர் கோணங்கியும் நாடகக் கலைஞர் முருகபூபதியும் அவருடைய உடன்பிறந்தோர் என்பதும் இவ்வவை அறிந்த செய்திகளே. தாத்தா எழுதிய பாட்டு முதல் பேசும்படத்தில் ஒலித்தது. பேரன் எழுதிய கதை எழுபத்தேழு ஆண்டுகள் கழித்துப் படமானது.

சிறுவயது முதல் மச்சான் மேல் ஆசை வைத்தவள் மாரி. அவன் படித்து வேறிடத்தில் மணந்துகொள்கிறான். இவளும் ஒருவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். கணவன் நல்லவன். மச்சான் நன்றாக இருக்கிறான் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று வெயிலோடு பிறந்த ஊருக்கு வருகிறாள். அவன் நன்றாக இல்லை என்பதைக் காண்கிறாள். கதை இவ்வளவே. அச்சில் சில பக்கங்கள். அவள் ஏன் அழுகிறாள் என்று கணவனுக்குப் புரியாது, கதையாசிரியரும் விளக்கமாட்டார். திரைப்படம் இச்சில பக்கங்களை நீட்ட வேண்டியிருந்ததால் பாடல்களையும் பிள்ளைப் பருவ நிகழ்ச்சிகளையும் சேர்த்துக்கொண்டது. சில இடங்களில் கதை அடக்கியதைப் படம் வாய்விட்டுச் சொல்கிறது. ஆனால் கதையில் இல்லாத ஒன்றையும் அது கண்டெடுத்தது. அது பார்வதியின் நடை. வெட்டவெளியில், நிழலில்லாத பாதையில், போகும் இடத்தைப் பற்றிய மகிழ்ச்சி மட்டுமே நிழலாக அவள் நடந்து வருவதைக் காட்டும்போது, எழுத்தால் எட்ட முடியாத ஓரிடத்தைப் படம் எட்டிவிடுகிறது. கதையை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். பிறகு மீண்டும் கதையைப் படிக்க வேண்டும். உவமையைச் சொல்லாமல் விடக் கற்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பூமணியின் 'வெக்கை' (1982) வெற்றிமாறன் இயக்கத்தில் 'அசுரன்' (2019) ஆனது. சிறந்த தமிழ்ப்படத்திற்கும், தனுஷுக்குச் சிறந்த நடிகருக்குமாகத் தேசிய விருதுகளைப் பெற்று, நாடெங்கும் ஓடிய படம். நாவலில் தகப்பனும் மகனும் எட்டு நாட்கள் காடுமேடுகளில் ஒளிந்து திரிகிறார்கள். சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், உறங்குகிறார்கள். ஒரு கொலையின் பின்விளைவு அத்தனை சிறிய செயல்களுக்குள் நுழைந்திருக்கிறது. படமோ தகப்பனின் முன்கதையைப் பெரிதாக்கி, பஞ்சமி நிலப் போராட்டத்தை உள்ளே கொண்டுவந்தது. நாவல் பெயர் சொல்லாமல் விட்ட சாதிக் கொடுமையைப் படம் பெயர் சொல்லி நிறுத்தியது. இதில் எது சரி என்பது இலக்கிய வட்டங்களில் இன்னும் முடியாத வழக்கு. ஊமையாக இருந்தால்தான் கலை என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியன்று. பெயர் சொல்லப்படாமலே தலைமுறைகள் கடந்த வலிக்கு ஒருமுறையேனும் உரக்கப் பேசும் உரிமை உண்டு. ஆயினும் அந்த எட்டு நாட்களின் காடு படத்தில் சுருங்கிப்போனது இழப்பே.

புதிய படங்களில் ஒன்றைமட்டும் கட்டாயமாகப் பார்க்கச் சொல்லலாம். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021இல் ராட்டர்டாம் திரைவிழாவின் முதற்பரிசான புலி விருதை வென்ற படம். களம் கரிசலுக்கு வடக்கே, மதுரைப் பக்கத்து வறண்ட பாறை நிலம். கோபித்துப் பிறந்தகம் போன மனைவியை அழைத்துவரக் குடிகாரத் தந்தை ஒருவன் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும் வழியெல்லாம் நடை. தாகத்தை மறக்கச் சிறுவன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். பாட்டு இல்லை, நீண்ட வசனம் இல்லை. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாட்டால் நிறைந்து வழிந்த ஒரு திரையுலகிலிருந்து இப்படி ஒரு படம் வந்திருப்பதைக் கவிஞர்கள் தங்களுக்கு எதிரான செயலாக எண்ணலாகாது. அந்தக் கூழாங்கல்லே போதுமான கவிதை. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018), மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) ஆகியவற்றை இவ்வவையில் பெரும்பாலோர் பார்த்திருப்பர் என்பதால் அவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை.

இவ்வரிசையில் ஒரு வெற்றிடம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் வந்தன, போயின. மருந்து கலக்கும் அறையின் அமைதியையும், சரவெடி பின்னும் கைகளின் விரைவையும், வேலை இல்லாத நாளில் அதே கைகள் படும் பாட்டையும் பொறுமையாக நின்று பார்க்கும் ஒரு படம் இம்மண்ணுக்கு வரவேண்டியிருக்கிறது. அதற்கு முன்னோடியாக அமைய வேண்டியவை இவ்வூர்க் கவிதைகளே. கதைகள் வழியாகத்தானே 'பூ'வும் 'அசுர'னும் வந்தன. ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர்போன ஊர் இது.

இதனிடையே இலக்கிய வட்டம் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. 'காளிதாஸ்' தொலைந்ததைப் போல மற்றவையும் தொலையக் கூடியவை. நேமாய் கோஷ் இயக்கத்தில் தொழிலாளர் வாழ்வைப் பேசிய 'பாதை தெரியுது பார்' (1960) படத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். பார்த்தவர் மிகச் சிலர். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2022இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. 'கருவேலம்பூக்க'ளுக்குப் பொருளுதவி செய்ததும் அதே கழகம்தான். ஆகவே படத்தைத் திரையிடக் கேட்பதற்கு ஒரே முகவரி போதும். வட்டத்தின் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதி, படியைப் பெற்று, கோடை தணியும் ஒரு மாலையில், ஆலைப் பேருந்துகள் வந்துசேர்ந்த பிறகு, ஊரார் அனைவரும் உட்கார்ந்து பார்க்கும்படி திறந்தவெளியில் ஒரு வெள்ளைத்துணியைக் கட்டித் திரையிடலாம். தீப்பெட்டி ஆபீசில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களை முன்வரிசையில் அமர்த்த வேண்டும். படம் முடிந்தபின் முதலில் பேசுவதற்கும் அவர்களையே அழைக்க வேண்டும்.